வானத்து நிழலும் வகுப்பறைத் தமிழும்

இலக்கியம் பயிற்றுவோர்க்கு நேரும் குறைகளுள் ஒன்று உண்டு. உவமையின் நயத்தை ஒரு நாழிகை விளக்குவோம். உவமைக்கு அடிப்படையான பொருளை ஒரு நொடியிற் கடந்து செல்வோம். அக்குறை நம்மிடத்தும் இருந்தது. அதனை நமக்கு உணர்த்தியவர் ஒரு மாணவர்.

2016ஆம் ஆண்டு, இளங்கலை முதலாண்டு வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தோம். பாம்பு விழுங்கும் மதியின் துயரை மண்ணில் நின்று காண்போரால் களைய இயலாது என்னும் உவமை வந்தது. கையறுநிலையைப் புலவர் காட்டிய திறத்தை வியந்து பேசினோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்து படித்த அம்மாணவர் எழுந்தார். "ஐயா, 2010 ஜனவரியில் எங்கள் ஊரில் சூரிய கிரகணம் பார்த்தேன். சூரியன் முழுவதும் மறையவில்லை. சுற்றிலும் வளையம் போல் ஒளி நின்றது. பாம்பு என்பது கற்பனை என்றீர்கள். நிலவின் நிழல் என்றால், நிழல் ஏன் நடுவில் மட்டும் விழுந்தது? அமாவாசைதோறும் ஏன் விழுவதில்லை?" என்று வினவினார்.

நாம் என்ன விடை கூறினோம்? "அது இயற்பியல் துறையினரிடம் கேட்க வேண்டிய வினா" என்று கூறி அடுத்த பாடலுக்குச் சென்றோம். வகுப்பு சிரித்தது. மாணவர் அமர்ந்துவிட்டார். அன்று மாலை நமக்கு அமைதி இல்லை. அறியாமை குற்றமன்று, அறியாமையைத் துறைப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் மறைத்துக்கொள்வது குற்றமே. மறுநாள் நாமே இயற்பியல் துறையின் மூத்த பேராசிரியரிடம் மாணவராகச் சென்று அமர்ந்தோம். அவர் கற்பித்ததை முதற்கண் ஈண்டு எடுத்துரைப்போம். பின்னர் நம் குறையொன்றையும் கூறுவோம்.

அவர் பால்நிறக் கண்ணாடி உருண்டை பொருத்திய மேசை விளக்கை ஏற்றினார். அறையை இருளாக்கினார். விளக்கைவிடச் சிறிய எலுமிச்சம்பழம் ஒன்றை நூலிற் கட்டித் தொங்கவிட்டு, அதன் பின்னே வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொன்னார். தாள் பழத்திற்கு அருகில் இருந்தபோது நடுவில் கரிய வட்டமும், அதனைச் சூழ்ந்து மங்கலான வளையமும் தோன்றின. கரிய வட்டத்தில் விளக்கின் எந்தப் பகுதியிலிருந்தும் ஒளி வந்து சேர்வதில்லை, இதுவே கருநிழல். மங்கலான பகுதிக்கு விளக்கின் ஒரு பங்கு ஒளி வருகிறது, மறு பங்கு தடைபடுகிறது, இது புறநிழல். ஒளி தரும் பொருள் ஒரு புள்ளியாக இருப்பின் ஒரே நிழல்தான் உண்டு. அது அகன்ற பொருளாக இருப்பதால்தான் நிழல் இரண்டாகிறது.

பின்னர்த் தாளை மெல்லப் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். கரிய வட்டம் சிறுத்துக்கொண்டே சென்று ஒரு புள்ளியாகி மறைந்தது. விளக்கு பெரிது, பழம் சிறிது. ஆதலால் கருநிழல் கூம்பு வடிவில் குவிந்து முடிகிறது. அம்முனைக்கும் அப்பால் கண்ணை வைத்து நோக்கச் சொன்னார். பழத்தைச் சுற்றி விளக்கின் விளிம்பு பொன்வளையமாக நின்றது. குமரி மாணவர் கண்ட வளையம் அதுவே!

விளக்கை ஞாயிறாகவும் பழத்தை நிலவாகவும் தாளைப் புவியாகவும் கொண்டால் எல்லாம் தெளிவாகும். ஞாயிற்றின் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கி.மீ.; நிலவின் விட்டம் 3,474 கி.மீ. ஞாயிறு நிலவைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு அகலம் உடையது. அதன் தொலைவும் நிலவின் தொலைவைப்போல் ஏறக்குறைய 400 மடங்கு. ஆகவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒத்த அளவினவாகத் தோன்றுகின்றன. ஓர் எளிய வீதக் கணக்குப் போட்டால், நிலவின் கருநிழற் கூம்பின் நீளம் சராசரியாக 3,74,000 கி.மீ. அளவு என்பது விளங்கும். நிலவின் சராசரித் தொலைவோ 3,84,400 கி.மீ. நிழலின் முனை புவியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நிலை இது. நிலவின் பாதை சீரான வட்டமன்று. அது 3,56,500 கி.மீ. வரை அணுகி வரும், 4,06,700 கி.மீ. வரை விலகிச் செல்லும். அணுகிவரும் காலத்தில் கருநிழல் புவியைத் தொட்டால் முழுச் சூரிய கிரகணம். விலகிய காலத்தில் முனை தரைக்கு எட்டாமல் வானிலேயே முடிந்துவிட்டால் கங்கண கிரகணம்.

2010 ஜனவரி 15ஆம் நாள் நிலவு தன் பாதையின் தொலைவான பகுதியில் இருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் புவி ஞாயிற்றுக்கு மிக அருகில் வருவதால் ஞாயிறும் சற்றே பெரிதாகத் தோன்றியது. திரை சிறுத்து, விளக்குப் பெருத்தது. ஆதலின் குமரியிலும் இராமேசுவரத்திலும் வளையம் பத்து நிமிட அளவு நிலைத்து நின்றது.

கருநிழல் தரையில் விழும்போது அதன் அகலம் மிகுந்தால் 270 கி.மீ. அளவே. புறநிழலோ ஏழாயிரம் கி.மீ. அளவுக்குப் பரந்து கிடக்கும். ஒரு நாடு முழுவதும் குறைக் கிரகணம் காண, அந்நாட்டின் ஒரு குறுகிய பட்டையில் வாழ்வோர் மட்டும் முழுக் கிரகணம் காண்பது இதனாற்றான். நிழல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. நிலவு மணிக்கு ஏறத்தாழ 3,400 கி.மீ. வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காக நிழலை இழுத்துச் செல்கிறது. புவியும் அதே திசையிற் சுழல்வதால், நிலநடுக்கோட்டுப் பகுதியில் வாழ்வோரை அது மணிக்கு 1,700 கி.மீ. அளவில் கடக்கக்கூடும். அவ்வளவு விரைவு கொண்டதாகையால், எத்துணை நீண்ட முழுக் கிரகணமும் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

அமாவாசைதோறும் ஏன் நிகழ்வதில்லை? நிலவின் பாதை, புவி ஞாயிற்றைச் சுற்றும் தளத்திற்கு ஐந்து பாகை சாய்ந்துள்ளது. ஐந்து பாகை சிறியதாகத் தோன்றலாம். நிலவின் தொலைவில் அது முப்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. பெரும்பாலான அமாவாசைகளில் நிலவின் நிழல் புவிக்கு மேலாகவோ கீழாகவோ வெறும் வெளியிற் சென்றுவிடுகிறது. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றுள் ஒன்றன் அருகே அமாவாசை நேர்ந்தால்தான் நிழல் நம்மேல் விழும். இவ்வாறு ஆண்டுக்கு இரண்டேனும், மிகுந்தால் ஐந்து சூரிய கிரகணங்களும் உலகில் எங்கேனும் நிகழ்கின்றன.

அவ்விரு புள்ளிகளுக்கும் இந்தியக் கணியர் இட்ட பெயர்கள்தாம் இராகு, கேது. அரபு வானியலாரும் அவற்றை ஒரு பெரும் பாம்பின் தலை என்றும் வால் என்றும் அழைத்தனர். பாம்பு கணக்கில் ஒரு புள்ளியாக நின்றது. பாட்டில் ஓர் உவமையாக நின்றது. வீட்டில் ஓர் அச்சமாக நின்றது. முதலிரண்டிலும் தவறில்லை. மூன்றாவதைக் குறித்தே நாம் பேச விழைகின்றோம்.

இனி நம் குறையைக் கூறுவோம். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கண கிரகணத்தின் பாதை கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளின் வழியே சென்றது. அன்று திண்டுக்கல்லில் நம் பெற்றோர் இல்லத்தில் இருந்தோம். முதற்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருந்த நம் தங்கையும் அங்கே இருந்தார். அவர் வேதியியலில் பட்டம் பெற்றவர். காலை எட்டு மணிக்கு முன்பே நன்னிமா அவரை உள்ளறையில் இருத்திச் சன்னலை அடைத்துத் துணியும் தொங்கவிட்டார்கள். கத்தரிக்கோல் தொடக்கூடாது, காய் நறுக்கக்கூடாது, தண்ணீரும் அருந்தக்கூடாது என்றார்கள். மீறினால் பிள்ளைக்கு உதடு பிளவுபடும் என்றார்கள். தங்கை நம்மை நோக்கினார். "அண்ணன், நீங்க சொல்லுங்க" என்றார்.

நாம் எலுமிச்சம்பழப் பாடம் கற்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. நிழல் எவ்வாறு விழுகிறது என்பதை நாம் அறிவோம். நன்னிமாவின் கையைப் பற்றி, "நன்னிமா, வெயிலில் குடை பிடித்தால் விழும் நிழலும் இதுவும் ஒன்றே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரியோர் மனம் நோகக்கூடாது என்று நமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிரகணத் தொழுகைக்குச் சென்றோம்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பதரையை நெருங்கிற்று. முற்றத்து வேம்பின் நிழலில் ஓர் அற்புதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கண்ணாடியாகி, தரையெங்கும் சின்னஞ்சிறு ஒளிவளையங்களை வரைந்திருந்தன. நூற்றுக்கணக்கான வளையங்கள்! ஏறத்தாழ மூன்று நிமிடம் நின்றன, பின்னர்ப் பிறைகளாயின. நிமிர்ந்து வானை நோக்க வேண்டிய தேவையே இல்லை; கண்ணுக்கு ஒரு தீங்கும் இல்லை. பத்தடித் தொலைவில், அடைத்த சன்னலுக்குப் பின்னால், வியர்வையில் நனைந்து, நாவறண்டு தங்கை அமர்ந்திருந்தார். அந்த மூன்று நிமிடத்தை நாம் அவருக்குத் தரவில்லை. இன்றும் அது நெஞ்சை உறுத்துகிறது.

தொழுகைக்குச் சென்று வந்த வீட்டில் அந்தச் சன்னல் எவ்வாறு அடைபட்டது என்பதைச் சமுதாயப் பெரியோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இளமகன் இப்ராஹீம் மறைந்த நாளில் மதீனாவில் சூரிய கிரகணம் நேர்ந்தது. வானியற் கணக்கைக் கொண்டு அந்நாளை கி.பி. 632 ஜனவரி 27 எனக் குறிப்பர். வானமே துக்கம் காக்கிறது என மக்கள் பேசத் தொடங்கினர். மகனை இழந்த தந்தையார் அப்பேச்சை ஏற்றுக்கொள்ளவில்லை. ஞாயிறும் திங்களும் இறைவனின் சான்றுகள் என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை மறைவதில்லை என்றும் தெளிவுறுத்தினார்கள், தொழச் சொன்னார்கள். ஒரு மனிதனின் சாவோடும் வாழ்வோடும் கிரகணத்தை முடிச்சுப் போடாதீர் என்பது அதன் கருத்து. அவ்வாறிருக்க, கருவிலிருக்கும் குழந்தையின் உதட்டோடு அதனை முடிச்சுப் போடுவது எங்ஙனம் பொருந்தும்? தொழுகை நன்றியின் வெளிப்பாடு, பணிவின் வெளிப்பாடு. அடைத்த சன்னல் அச்சத்தின் வெளிப்பாடு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டோம்.

இவ்வச்சம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதென்று கூறுவதற்கில்லை. தெரு முழுவதும் சன்னல்கள் அடைபட்டிருந்தன. மண்ணின் பழக்கம் மதில் பார்த்து நிற்பதில்லை. அறிவும் அவ்வாறே மதில் பார்த்து நிற்பதில்லை. கி.பி. 499இல் ஆரியபட்டர் ஞாயிற்றை மறைப்பது நிலவு என்றும், நிலவை மறைப்பது புவியின் பெருநிழல் என்றும் தெளிவாக எழுதிவைத்தார். அல்-பத்தானி ஞாயிற்றின் தோற்ற அளவு ஆண்டுக்குள் மாறுவதைக் கண்டு, வளையக் கிரகணம் நிகழக்கூடும் என்பதைக் காட்டினார். பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், கிரகணத்தின் வடிவம் குறித்துத் தனி நூலே இயற்றினார். பிறையாகக் குறைந்த ஞாயிற்றின் ஒளி சிறுதுளை வழியே புகுந்தால் பிறையாகவே விழுவதும், துளை பெரிதானால் அவ்வுரு அழிவதும் ஏன் என்பதே அவரது ஆராய்ச்சி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் ஆராய்ந்ததைத்தான் நம் முற்றத்து வேம்பு தரையில் எழுதிக் காட்டிற்று.

இவ்வரிசையில் நம்மை மிகவும் தைப்பவர் அல்-பிரூனி. இந்தியா குறித்து கி.பி. 1030ஐ ஒட்டி அவர் எழுதிய பெருநூலில், கிரகணத்தின் உண்மைக் காரணத்தை இந்திய வானியலார் நன்கறிந்திருந்ததைப் பாராட்டுகிறார். அதே வேளையில், உண்மையை அறிந்த பிரம்மகுப்தர் பெரும்பான்மையோரின் நம்பிக்கைக்கு இசைந்து இராகுவுக்கும் இடந்தந்ததைக் கண்டு வருந்துகிறார். அப்பகுதியை முதன்முறை படித்தபோது ஒரு பழைய அறிஞரின் குறையாகப் படித்தோம். 2019க்குப் பின் மீண்டும் படித்தபோது அது நம் வீட்டுக் கதையாக இருந்தது. அறியாதவர் அஞ்சுவது இயல்பு. அறிந்தவர் வாய்மூடியிருப்பதாற்றான் அவ்வச்சம் தலைமுறை கடந்து வாழ்கிறது.

தமிழ் நிலத்திற்கும் இவ்வறிவு புதிதன்று. 1825இல் வெளிவந்த தம் நூலில் ஜான் வாரன் என்பார், புதுச்சேரிப் பகுதியில் தாம் கண்ட தமிழ்க் கணியர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணியர் எழுதுகோலின்றி, தரையிற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுக் கிரகணத்தின் போது சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, வனபர்த்தி சென்று ஆராய்ந்தார். பின்னர் 1874இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்த நிகழ்ச்சியை மக்களுக்கு உணர்த்த இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டார். அந்த 1868ஆம் ஆண்டில் ஞாயிற்றின் ஒளியிற் கண்ட மஞ்சள் வரியே ஹீலியம் என்னும் தனிமம் அறியப்படக் காரணமாயிற்று. மக்கள் கதவடைத்த நாளில் உலகிற்கு ஒரு புதிய தனிமத்தின் தடயம் கிடைத்தது.

சிலர் மறுக்கலாம். "அறிவியலைப் புகுத்தினால் இலக்கியச் சுவை கெடாதா?" எனலாம். கெடாது. நிழலின் வடிவை அறிந்தபின் குறுந்தொகை உவமை நமக்கு இன்னும் ஆழமாயிற்று. தரையில் நிற்பவரால் நிழலை ஒரு விரற்கடையும் நகர்த்த முடியாது என்பதை அறிவியலும் ஒப்புகிறது. புலவர் கண்ட கையறுநிலை உண்மை. பாம்பு அதற்கு அவர் இட்ட பெயர். இனி, "அச்சமே வேண்டாமா?" எனின், ஓர் அச்சம் வேண்டும். ஞாயிற்றை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. விழித்திரைக்கு நோவு உணரும் ஆற்றல் இல்லை. ஆகவே அது வெந்தாலும் அந்நேரத்தில் நமக்குத் தெரியாது. சாயம் பூசிய சாதாரணக் கண்ணாடியும் புகையேற்றிய கண்ணாடியும் போதா. உரிய வடிகட்டியோ, ஊசித்துளையிட்ட அட்டையோ, ஒரு வேப்பமரமோ வேண்டும். இக்காப்பு கருவுற்றவர்க்கும் கருவுறாதவர்க்கும் ஒன்றே. உணவுக்கும் நீருக்கும் கத்தரிக்கோலுக்கும் இதில் பங்கில்லை.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்று. கிரகணத்தை விளக்கும் பொறுப்பை இயற்பியல் துறைக்கு மட்டும் ஒதுக்கிவிடலாகாது. நன்னிமாவுக்கு விளங்கும் சொல் தமிழில்தான் இருக்கிறது. கருநிழல், புறநிழல் என்னும் சொற்கள் பாடநூலில் உள்ளன. அவை அடுக்களை வாயில் வரை வந்து சேரவில்லை. அவற்றைக் கொண்டு சேர்ப்பது தமிழாசிரியர் கடன். பாம்பு வரும் பாடலை நடத்தும் நாளில் ஒரு விளக்கும் ஓர் எலுமிச்சம்பழமும் வகுப்பிற்கு வருமாயின், அறுபது மாணவர் வழியே அறுபது வீடுகளுக்கு அந்நிழலின் செய்தி சென்று சேரும். வெள்ளிமேடையில் நின்று பேசும் பெரியோரும் கிரகணத் தொழுகையை அறிவிக்கும்போதே, "வீட்டிலுள்ள கருவுற்ற பெண்களை அடைத்து வைக்காதீர், தண்ணீர் கொடுங்கள்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வார்களாயின் அது பேருதவியாகும். 2027 ஆகஸ்டு 2ஆம் நாள் முழுக் கிரகணத்தின் கருநிழல் புனித மக்கா நகரையும் கடந்து செல்லும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அந்நகரின் மீதும் அது நிழலாகத்தான் விழும்.

தங்கைக்கு 2020 பிப்ரவரியில் பெண் மகவு பிறந்தது. இறையருளால் நலமே. "பார்த்தாயா, அடைத்து வைத்ததாற்றான்" என்றார்கள் நன்னிமா. அன்றும் நாம் சிரித்துக்கொண்டு நின்றோமே தவிர மறுத்துரைக்கவில்லை. நன்னிமா இன்று நம்மிடையே இல்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டியதை இம்மலர் வாயிலாக மற்றவர்க்குச் சொல்கின்றோம்.

2031 மே 21ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் கேரளத்தையும் தமிழகத்தின் தென்பகுதியையும் கடந்து செல்லும். அப்போது அக்குழந்தைக்குப் பதினொரு வயது நிறைந்திருக்கும். வல்ல இறைவன் நாடினால், அவளையும் அவள் தாயையும் மதுரைப் பக்கம் அழைத்துச் சென்று, ஒரு மரத்தடியில் நிற்க எண்ணியுள்ளோம். அன்று எவரேனும் சன்னலை அடைக்கக் கண்டால் வாய்திறந்து பேசவும் உறுதி பூண்டுள்ளோம்.

குமரி மாவட்டத்து அம்மாணவர் இப்போது எங்கோ ஆசிரியராக இருக்கக்கூடும். அன்று விடை தராது அமர்த்திய வினாவுக்கு இதுவே நம் விடை. காலம் தாழ்த்தியதைப் பொறுத்தருள்க.